ஓட்டின் மேல் கை வைக்கும் முன்

முதல் முறை இன்குபேட்டரில் முட்டை வைத்தபோது ஒரு குஞ்சை நானே கொன்றேன். முந்தைய இரவு 10 மணிக்கு அந்த முட்டையின் அகன்ற முனைப்பக்கம் சிறு நட்சத்திரம்போல ஒரு விரிசல் விழுந்திருந்தது. காலை 6 மணிக்கு எழுந்து பார்த்தபோதும் அதே விரிசல் துளிகூட வளராமல் அப்படியே இருந்தது. உள்ளே இருப்பதற்கு வெளியே வரத் தெம்பில்லை என்று நானாக முடிவு கட்டிக்கொண்டு, பெட்டியின் மூடியைத் திறந்து, வேகவைத்த முட்டையை உரிப்பதுபோல நகத்தால் ஓட்டை உரிக்கத் தொடங்கினேன். மூன்றாவது சில்லு வந்தபோது விரலில் இரத்தம் பட்டது. அதோடு நிறுத்தி முட்டையைத் திரும்ப வைத்திருந்தால் ஒருவேளை பிழைத்திருக்கும். பதற்றத்தில் முழுவதையும் உரித்துவிட்டேன். குஞ்சின் வயிற்றுக்குக் கீழே கோலிக்குண்டு அளவில் மஞ்சள் கரு இன்னும் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. மதியத்துக்குள் அது அடங்கிவிட்டது.

நாங்கள் இருப்பது பெங்களூரில், லிங்கராஜபுரத்தில், ஒரு பழைய வீட்டின் மாடிப் பகுதியில். மொட்டைமாடியில் கோழி வளர்த்துக்கொள்ள, கீழ்வீட்டில் இருக்கும் வீட்டு உரிமையாளர் அம்மா அனுமதித்திருக்கிறார். சேவல் மட்டும் கூடாது என்பது நிபந்தனை. பெரியம்மாவின் வீடு காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவருடைய மாந்தோப்பில் திரியும் சிறுவிடைக் கோழிகளின் முட்டைகளை உமி நிரப்பிய எவர்சில்வர் தூக்கில் அடுக்கி, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் பேருந்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வருவேன். இட்டு ஒரு வாரத்துக்கு மேற்படாத முட்டைகளாகப் பார்த்து எடுப்பதும், வந்தவுடன் பெட்டியில் வைக்காமல் கூர்முனை கீழே இருக்கும்படி அட்டையில் நிறுத்தி ஒரு நாள் அசையாமல் விடுவதும் வழக்கமாகிவிட்டன. முட்டையின் அகன்ற முனையில் இருக்கும் காற்றறை பயணத்தில் குலுங்கியிருக்கும்; அது தன் இடத்தில் நிலைகொள்ள அந்த ஒரு நாள் தேவைப்படுகிறது.

பெட்டி நானும் ஏழாம் வகுப்பு படிக்கும் மகனும் சேர்ந்து செய்தது. மீன் வரும் தெர்மாகோல் பெட்டி, இரண்டு 40 வாட் குண்டு பல்புகள், பழைய கணினியின் விசிறி, எஸ்.பி. ரோட்டில் வாங்கிய ஒரு தெர்மோஸ்டாட் பலகை, மூடியில் ஒரு கண்ணாடிச் சதுரம். விசிறி உள்ள பெட்டியில் 37.5 டிகிரி செல்சியஸ், முதல் 18 நாட்களுக்கு ஈரப்பதம் 45 முதல் 50 சதவீதம், அதன்பின் 65 முதல் 70. முட்டையைத் திருப்புவதும் 18ஆம் நாளோடு நிறுத்தம். இவ்வளவும் எங்கும் கிடைக்கும் விவரங்கள் என்பதால் இதற்கு மேல் விரிக்கவில்லை.

எங்கும் எளிதில் கிடைக்காதது அந்த எட்டு மணி நேரத்தில் ஓட்டுக்குள் என்ன நடந்தது என்பது. அன்று மாலை பெரியம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன்.

“ஓட்ட நீ உரிச்சியா?”

“எட்டு மணி நேரமா அப்படியே இருந்துச்சு பெரியம்மா.”

“எட்டு மணி நேரம் ஒரு நேரமா பாப்பா? கோழி அதும்பாட்டுக்கு உக்காந்துகிட்டு இருக்கும். எந்திரிச்சி எந்திரிச்சி எட்டியா பாக்குது?”

பெரியம்மா சொன்னதன் உடற்கூற்றுக் காரணத்தைப் பின்னர்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஓட்டுக்குள் வளரும் நாட்களில், கடைசிக் கட்டம் வரும்வரை, குஞ்சு நுரையீரலால் மூச்சுவிடுவதில்லை. ஓட்டை ஒட்டி உட்புறமாகப் படர்ந்திருக்கும் ஒரு சவ்வின் இரத்தக் குழாய்கள்தான், ஓட்டின் நுண்துளைகள் வழியே வரும் காற்றை வாங்கி அதற்குக் கொடுக்கின்றன. 20ஆம் நாள் வாக்கில் குஞ்சு தன் அலகால் உட்சவ்வைக் குத்திக் காற்றறைக்குள் மூக்கை நீட்டுகிறது. நுரையீரல் அப்போதுதான் வேலையைத் தொடங்குகிறது. மேலே காது வைத்தால் மெல்லிய கீச்சொலி கேட்பது இந்தக் கட்டத்தில்தான். அடுத்த ஒரு நாளுக்குள், காற்றறையில் பிராணவாயு குறைந்து கரியமில வாயு கூடக்கூட, பிடரியில் இதற்கென்றே பருத்திருக்கும் தசை வெட்டி வெட்டி இழுக்க, அலகின் நுனியில் உள்ள முட்டைப் பல் ஓட்டில் மோதி முதல் விரிசல் விழுகிறது.

விரிசல் விழுந்தவுடன் குஞ்சு வெளியே வர முயல்கிறது என்றுதான் பார்க்கிறவர் நினைப்பார். அது முதலில் ஓய்வெடுக்கிறது. 12 மணி நேரம், சில நேரம் 24 மணி நேரம்கூட. அந்த ஓய்வுக்குள் இரண்டு பெரிய வேலைகள் நடந்து முடிகின்றன. சவ்வில் ஓடிக்கொண்டிருந்த இரத்தம் மெல்ல மெல்லக் குஞ்சின் உடலுக்குள் இழுக்கப்படுகிறது. வெளியே இருந்த மஞ்சள் கரு தொப்புள் வழியே வயிற்றுக்குள் போய், தொப்புள் மூடுகிறது. அந்த மஞ்சள் கருதான் பிறந்த பிறகு இரண்டு மூன்று நாட்கள் தீனியே இல்லாமலும் குஞ்சை வைத்திருக்கும் கட்டுச்சோறு. இவை முடிந்த பின்புதான் குஞ்சு ஓட்டுக்குள் வட்டமாகச் சுழன்று, தொப்பியைக் கழற்றுவதுபோல ஓட்டின் அகன்ற பக்கத்தை வெட்டித் தள்ளுகிறது. நான் உரித்த முட்டையில் இரத்தமும் இழுபடவில்லை, மஞ்சள் கருவும் உள்ளே போகவில்லை. செத்துக்கொண்டிருக்கிறது என்று நான் நினைத்த நேரத்தில் அந்தக் குஞ்சு அதன் வாழ்நாளிலேயே மிகப் பெரிய வேலையில் ஈடுபட்டிருந்தது.

அந்த முறை 12 முட்டைகளில் மூன்றை ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்துக் கழித்திருந்தேன்; இரண்டு கூமுட்டை, ஒன்றில் கரு பாதியிலேயே இறந்ததைக் காட்டும் இரத்த வளையம். மிச்சம் ஒன்பதில் ஐந்து தாமாகவே பொரித்தன. ஒன்று என் கையால் போனது. ஒன்று விரிசலே விடவில்லை. மற்ற இரண்டின் சாவுக்கும் நானே பொறுப்பு என்று பிறகு புரிந்தது. பிறந்த குஞ்சுகளைப் பார்க்கவும், மகனின் நண்பர்களுக்குக் காட்டவும் அன்று குறைந்தது ஐந்து முறையாவது மூடியைத் திறந்திருப்பேன். பிப்ரவரி மாதப் பிற்பகலில் பெங்களூர்க் காற்று எவ்வளவு உலர்ந்தது என்பதைத் துணி காயப்போடுகிறவர்கள் அறிவார்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பெட்டியின் ஈரக்காற்று வெளியேறி, விரிசலுக்குள் தெரியும் வெண்ணிறச் சவ்வு காய்ந்து, குஞ்சின் மேல் ஒட்டிய காகிதம்போல இறுகிவிட்டது. உள்ளே இருந்த குஞ்சால் திரும்ப முடியவில்லை. இரண்டும் அலகை மட்டும் வெளியே நீட்டியபடி செத்திருந்தன.

அந்தக் குற்ற உணர்வு அடுத்த முறை என்னை எதிர்த் திசைக்குத் தள்ளியது. மே மாத மழையோடு 15 முட்டைகள் வைத்தேன். 12 முட்டைகள் 18ஆம் நாளைக் கடந்தன. மூடியை நாடா ஒட்டி மூடினேன். எது நடந்தாலும் திறப்பதில்லை என்று மகனிடம் சத்தியம் வாங்கி, நானும் செய்துகொடுத்தேன். ஒன்பது நல்லபடியாகப் பொரித்தன. ஒரு முட்டை மட்டும் கூர்முனைப் பக்கம் விரிசல் விட்டது. காற்றறை இருப்பது அகன்ற முனையில். கூர்முனையில் அலகு இருக்கிறது என்றால் குஞ்சு தலைகீழாக இருக்கிறது என்று பொருள். அது 30 மணி நேரத்துக்கு மேல் கத்தியது. கத்தல் குறைந்து, இடைவெளி கூடி, இரண்டாம் நாள் இரவு நின்றது. கண்ணாடிச் சதுரத்துக்கு இந்தப் பக்கம் நாங்கள் இருவரும் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கீழ்வீட்டு அம்மா வந்து பார்த்து, “பாப, பாப” என்று கன்னடத்தில் இரங்கிவிட்டுப் போனார்.

பிறகு பொரிக்காத மூன்று முட்டைகளையும் மாடிக் குழாயடியில் வைத்து உடைத்துப் பார்த்தேன். நாற்றத்துக்கு அஞ்சிப் பலர் இதைச் செய்வதில்லை. என்னைக் கேட்டால் எந்தப் புத்தகத்தையும்விட அதிகம் கற்றுத்தருவது இந்த வேலைதான். ஒன்றில் குஞ்சு 18ஆம் நாள் அளவிலேயே நின்றிருந்தது. இன்னொன்றில் முழுமையாக வளர்ந்த குஞ்சைச் சுற்றித் தண்ணீர் நின்றது. மழைக்கால ஈரத்தைக் கணக்கில் எடுக்காமல் நான் வேறு தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்ததால் முட்டை இழக்க வேண்டிய ஈரத்தை இழக்கவில்லை, காற்றறை பெரிதாகவில்லை, குஞ்சு மூச்சுவிட இடமில்லாமல் மூழ்கியிருக்கிறது. 18ஆம் நாளுக்குள் முட்டை தன் எடையில் 12 அல்லது 13 சதவீதத்தை இழந்திருக்க வேண்டும் என்பார்கள். 50 கிராம் முட்டை ஏறத்தாழ 44 கிராமுக்கு வர வேண்டும். நகை எடை போடும் சிறு தராசு ஒன்று வாங்கினால் ஈரமானியைவிட உண்மையைச் சொல்லும். மூன்றாவது, கத்திக்கொண்டிருந்த அந்தக் குஞ்சு. மஞ்சள் கரு முழுவதும் உள்ளே போயிருந்தது, தொப்புள் மூடியிருந்தது, சவ்வில் ஒரு சொட்டு இரத்தம் இல்லை. வெளியே வரத் தயாராக இருந்த குஞ்சு. திரும்ப மட்டும் இடமில்லை. ஓட்டை நான் கொஞ்சம் பெயர்த்துக் கொடுத்திருந்தால் போதும்.

ஆக, கை வைத்து ஒன்றைக் கொன்றேன். கை வைக்காமல் ஒன்றைக் கொன்றேன். “உதவலாமா, கூடாதா” என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை என்று அதன்பிறகுதான் எனக்கு உறைத்தது. இந்த ஒரு முட்டையில், இந்த நேரத்தில், சவ்வில் இரத்தம் இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். கீழ்வீட்டு அம்மாவின் இரக்கமோ என் பதற்றமோ கடிகாரமோ அதற்கு விடை சொல்லாது.

கடிகாரத்தை நம்பக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. என் பெட்டியின் வெப்ப உணரியைப் பல்புக்கு அருகில் பொருத்தியிருந்தேன். அது 37.5 காட்டும்போது முட்டைகள் இருந்த தட்டில் 37கூட இல்லை. காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரை முட்டைகளுக்கு நடுவே வைத்துப் பார்த்தபோதுதான் இது தெரிந்தது. வீட்டில் இருக்கும் கருவிகளில் அந்த வெப்பத்தைத் துல்லியமாக அளப்பது அதுதான். வெப்பம் அரை டிகிரி குறைந்தாலும் பொரிப்பது தள்ளிப்போகும். “21 நாள் முடிந்துவிட்டதே” என்று நான் கவலைப்பட்ட குஞ்சுகளுக்கு உண்மையில் 21ஆம் நாள் இன்னும் வரவில்லை. ஈரமானிக்கும் ஒரு சோதனை உண்டு: சமையல் உப்பில் சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் களியாக்கி, ஒரு மூடியில் வைத்து, ஈரமானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் ஓர் இரவு அடைத்து வைத்தால், அது 75 காட்ட வேண்டும். என்னுடையது 83 காட்டியது.

மூன்றாம் முறைதான் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தது. அடுத்த பிப்ரவரி, 14இல் 11 முட்டைகள் கடைசிக் கட்டத்துக்கு வந்தன. 20ஆம் நாள் ஓசூரில் ஒரு கல்யாணம். போய்விட்டுச் சனிக்கிழமை மாலை திரும்பியபோது பெட்டியின் தண்ணீர்த் தட்டு வற்றிக் கிடந்தது, ஈரமானி கூட்டிக் காட்டுவதைக் கழித்துப் பார்த்தால் ஈரப்பதம் 40ஐத் தாண்டவில்லை. நான்கு குஞ்சுகள் பிறந்து காய்ந்து புசுபுசுவென்று நின்றன. ஐந்து முட்டைகள் விரிசலோடு நின்றுவிட்டன. இரண்டில் அசைவே இல்லை.

ஐந்தில் அநேகமாக எல்லாவற்றுக்கும் காலையிலேயே விரிசல் விழுந்திருந்ததாக, கல்யாணத்துக்கு வராமல் வீட்டிலிருந்த மகன் சொன்னான். முட்டைகளின் மேல் பென்சிலால் எண்ணும், விரிசல் விழும்போது நேரமும் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தேன். மூடியைத் திறக்கக்கூடாது என்றும் நானே சொல்லியிருந்ததால், அவன் ஒரு தாளில் குறித்து வைத்திருந்தான். ஒன்பதாம் எண் முட்டைக்கு நேராகக் காலை 5.10 என்று இருந்தது.

நான் முதலில் முட்டைகளைத் தொடவில்லை. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த இரண்டு கைக்குட்டைகளைப் பெட்டிக்குள் விரித்து, தட்டில் வெதுவெதுப்பான நீர் ஊற்றி மூடினேன். ஈரப்பதம் 72க்கு ஏறியது. இரண்டரை மணி நேரம் காத்திருந்தோம். இரண்டு முட்டைகளில் சவ்வு நெகிழ்ந்து, வெட்டு நகரத் தொடங்கி, நள்ளிரவுக்குள் இரு குஞ்சுகளும் தாமாகவே வந்துவிட்டன. ஈரம் குறைந்ததால் மாட்டிக்கொண்ட குஞ்சுக்கு முதல் மருந்து ஈரம்தான் என்பதை அந்த இரண்டும் காட்டின. நகத்தோடு முந்தியிருந்தால் அவற்றையும் கெடுத்திருப்பேன்.

ஒன்பதாம் எண் முட்டையில் மாற்றம் இல்லை. விரிசலின் விளிம்பில் சவ்வு பால்வெள்ளை போய், பழைய செய்தித்தாள் நிறத்துக்கு வந்திருந்தது. அலகு அசைந்தது, ஆனால் சவ்வைத் தள்ளவில்லை. இனி பொறுப்பதில் பயனில்லை என்று முடிவு செய்தபோது இரவு 11.30 ஆகியிருந்தது. விரிசல் விழுந்து 18 மணி நேரம். சவ்வு வெள்ளையாகவும் ஈரமாகவும் இருந்திருந்தால் 24 மணி நேரம் முடியும்வரை நிச்சயமாகக் காத்திருப்பேன்.

குளியலறையில் கீசர் வெந்நீரைத் திறந்துவிட்டுக் கதவைச் சாத்தி, கண்ணாடியில் ஆவி படியும்வரை விட்டு, அங்கே கொண்டுபோய்த்தான் முட்டையை எடுத்தேன். பெட்டிக்கு வெளியே அதற்குக் கிடைக்கக்கூடிய ஈரமான, கதகதப்பான அறை அதுதான். மகன் டார்ச் பிடித்தான். முதலில் ஒளி அடித்துக் காற்றறையின் எல்லையைப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டேன். அந்தக் கோட்டுக்கு மேலே உள்ள ஓட்டுக்கு அடியில் காற்றுதான் இருக்கிறது, இரத்தக் குழாய் இல்லை. ஆகவே பெயர்ப்பதாக இருந்தால் விரிசலிலிருந்து மேல்நோக்கி, அந்தக் கோட்டுக்குள்ளேயே பெயர்க்க வேண்டும். புருவம் திருத்தும் இடுக்கியைக் கொதிநீரில் போட்டு எடுத்து வைத்திருந்தேன். ஒரு சில்லு அரிசி அளவு. அதற்கு மேல் ஒரே தடவையில் எடுக்கவில்லை.

தொப்பி அளவுக்கு ஓடு போனபின், காது குடையும் பஞ்சுக்குச்சியை வெதுவெதுப்பான நீரில் தோய்த்து, மூக்குத் துளைகளுக்கு எட்டாதபடி சவ்வின் மேல் உருட்டினேன். காய்ந்த சவ்வு, நனைந்த எண்ணெய்க் காகிதம்போல ஒளி ஊடுருவும்படி ஆனது. அப்போது தெரிந்தது: இடது ஓரத்தில் தையல் நூல் கனத்தில் இரண்டு சிவப்புக் கோடுகள். குஞ்சு வாயைத் திறந்து மூடி, எதையோ மெல்லுவதுபோலச் செய்துகொண்டிருந்தது. அப்படி மெல்லுவது மஞ்சள் கரு இன்னும் உள்ளே போய்க்கொண்டிருப்பதற்கான அடையாளம் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லக் கேட்டிருந்தேன். நிறுத்திவிட்டேன். அலகைச் சுற்றி மட்டும் சவ்வை விலக்கி மூச்சுக்கு வழி செய்து, மற்ற இடத்தில் ஈரமான டிஷ்யூ காகிதத்தைப் போர்த்தி, திரும்பப் பெட்டியில் வைத்தோம். மணி 12.15.

உதவி என்பதில் இரண்டு வேறு வேலைகள் இருக்கின்றன என்பதைத்தான் அன்று இரவு நான் தெளிவாகக் கண்டேன். ஒன்று, மூச்சுக்கு வழி செய்வது. மற்றது, வெளியே எடுப்பது. முதலாவது பெரும்பாலும் ஆபத்தில்லாதது. அலகு காற்றறைக்குள் வந்து ஒரு நாளுக்கு மேல் ஆகியும் ஓட்டில் விரிசலே விழாவிட்டால், அகன்ற முனையின் உச்சியில் ஊசியைச் சுழற்றிச் சுழற்றி மிளகில் பாதி அளவுக்கு ஒரு துளை போட்டால் போதும். அது குஞ்சுக்குப் பல மணி நேர அவகாசம் வாங்கிக் கொடுக்கும். கூர்முனையில் மாட்டிய குஞ்சுக்கும் அலகின் முன்னே உள்ள விரிசலைச் சற்று அகலப்படுத்துவதே முதல் உதவி. இரண்டாவது வேலை இரத்தம் முழுவதும் இழுபட்ட பிறகுதான். இந்த இரண்டுக்கும் இடையே நான்கு மணி நேரமும் ஆகலாம், பத்து மணி நேரமும் ஆகலாம். அதைத் தீர்மானிப்பது குஞ்சு.

அதிகாலை 4.30க்கு மறுபடி குளியலறை. சிவப்புக் கோடுகள் முடி அளவுக்கு மெலிந்து, ஒன்று அறவே மறைந்திருந்தது. சவ்வை நனைத்து, அலகிலிருந்து தலை நோக்கி மெல்ல உருட்டி விலக்கினேன். வலது இறக்கைக்கு அடியில் செருகியிருந்த தலை விடுபட்டதும் குஞ்சு கழுத்தை நிமிர்த்தி ஒரு கத்து கத்தியது. மகன் டார்ச்சைக் கீழே போட்டுவிட்டான். அத்தோடு கையை எடுத்துக்கொண்டேன். ஓட்டின் அடிப்பாதியை நாம் கழற்றக் கூடாது. தொப்புள் கடைசியாகப் பிரிவது அங்கேதான். அதைக் குஞ்சு தானே உதைத்துத் தள்ள வேண்டும், தள்ளத் தெம்பு வரும்வரை அரை ஓட்டுக்குள் கிடக்கட்டும். 6.20க்கு அது ஓட்டை உதறிவிட்டு வெளியே உருண்டது.

மற்ற இரண்டில் ஒன்றும் இப்படியே வந்தது. இன்னொன்றில் சவ்வைத் தொட்டபோதே ஒரு துளி இரத்தம் வந்தது. சோள மாவில் தோய்த்த பஞ்சை அந்த இடத்தில் அரை நிமிடம் ஒற்றியெடுத்ததும் நின்றது, திரும்ப வைத்தேன். காலையில் அது வெளியே வரும் முயற்சியே செய்யாமல் செத்திருந்தது. அதில் நான் என்ன மாற்றிச் செய்திருக்க வேண்டும் என்று இன்றுவரை எனக்கு விடையில்லை.

பெரியம்மாவுக்கு இந்த வேலையே பிடிக்கவில்லை. “தானா வராதது நிலைக்காது பாப்பா” என்பது அவர் கட்சி. பெரிய குஞ்சு பொரிப்பகங்களின் நடைமுறையும் அவர் பக்கம்தான்: 21ஆம் நாள் தட்டுகளை வெளியே இழுத்து, பிறந்த குஞ்சுகளை எண்ணிப் பெட்டியில் போட்டபின், பொரிக்காத முட்டைகளை அங்கே யாரும் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருப்பதில்லை. ஆனால் நான் பெரியம்மாவோடு பாதி தூரம்தான் உடன்படுகிறேன். அவருடைய கோழி, வயிற்றுச் சிறகை உதிர்த்துவிட்டு வெறும் தோலை முட்டையில் ஒட்டி, சூட்டையும் ஈரத்தையும் தானே பார்த்துக்கொள்கிறது. அதற்குக் கீழே ஒரு குஞ்சு வரவில்லை என்றால் குறை குஞ்சில் இருக்க வாய்ப்பு அதிகம். என் தெர்மாகோல் பெட்டியில் வராவிட்டால் குறை என்னுடையதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். தண்ணீர்த் தட்டை வற்றவிட்டது ஒன்பதாம் எண் குஞ்சா?

ஆகவே விரிசலோடு நின்றுபோன ஒரு முட்டையைப் பார்க்கும்போது, அதனுடன் வைத்த மற்றவை என்ன ஆயின என்று முதலில் எண்ணுகிறேன். ஒரே நேரத்தில் நான்கைந்து மாட்டிக்கொண்டால் கோளாறு பெட்டியில். அப்போது தயங்காமல் ஈரத்தைக் கூட்டி, தேவைப்பட்டால் இடுக்கியையும் எடுக்கிறேன். மற்றவை எல்லாம் சுலபமாக வந்து ஒன்று மட்டும், சரியான நிலையில் விரிசல் விட்டும், சவ்வு காயாமலும், வராமல் கிடந்தால் எனக்குச் சந்தேகம் வருகிறது. நான்காம் முறை அப்படி ஒன்று கிடந்தது. 34 மணி நேரம் பொறுத்து, இரத்தம் இல்லை என்று உறுதி செய்து எடுத்தேன். தலை பின்புறமாகவே மடங்கிக்கொண்டது, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகப் புகட்ட வேண்டியிருந்தது. நான்கு நாட்கள் இருந்தது. மகன் பள்ளிக்குப் போகாத நாட்கள் அவை என்பதால் முழுவதும் அவன் கண்முன் நடந்தது. எடுத்திருக்கக் கூடாது என்று நினைக்கிறேன். அவன் அப்படி நினைக்கவில்லை.

வெளியே எடுத்த குஞ்சுக்குப் பின்வேலை இருக்கிறது என்பதையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். தொப்புளில் மஞ்சள் கரு சிறிது துருத்திக்கொண்டிருந்தால் அதை இழுக்கவோ அழுத்தவோ கூடாது. ஈரமான டிஷ்யூ விரித்த ஒரு கிண்ணத்தில், அசைய இடமில்லாதபடி, பெட்டிக்குள்ளேயே தனியாக வைத்தால் சில மணி நேரத்தில் உள்ளே போய்விடும். மற்ற குஞ்சுகளோடு விட்டால் கொத்திவிடும். கால்கள் இரண்டும் பக்கவாட்டில் அகன்றுபோனால், காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியை எட்டு வடிவில் இரண்டு காலிலும் சுற்றி, இயல்பான இடைவெளி வரும்படி கட்டி, வழுக்காத துணியில் விட வேண்டும். பிறந்த இரண்டு நாளுக்குள் கட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஒன்பதாம் எண் குஞ்சுக்கு நான் இதைக் கட்டினேன். செய்தித்தாள் விரித்ததுதான் காலை வழுக்கவிட்டது என்று நினைக்கிறேன். மூன்றாம் நாள் அவிழ்த்தபோது மற்றவற்றைவிட வேகமாக ஓடியது.

கிராமத்தில் முட்டையில் உயிர் இருக்கிறதா என்று பார்க்க வெதுவெதுப்பான நீரில் விடுவார்கள். உயிருள்ளது தானே ஆடும். விரிசல் விட்ட முட்டையில் இதை ஒருபோதும் செய்யக் கூடாது. சவ்வு காயாமலிருக்கத் தேங்காய் எண்ணெய் தடவுவது பலருடைய வழக்கம். நானும் துளி அளவு தடவிப் பார்த்திருக்கிறேன், நீரைவிட நெடுநேரம் ஈரம் காக்கிறது. ஆனால் மூக்கில் வழிந்தால் அதுவே எமன் என்பதால் கை நடுங்கும் ஆட்கள் நீரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஒன்பதாம் எண் பெட்டையாகவே வளர்ந்தது. கீழ்வீட்டு அம்மாவின் நிபந்தனைக்கு இடையூறு இல்லை. போன மாதம் அது மாடியில் உடைந்த வாளிக்குள் உட்கார்ந்து எழ மறுத்தது. கையை நீட்டினால் சிறகைச் சிலிர்த்துக்கொண்டு கர்ரென்றது. பெரியம்மா கொடுத்தனுப்பிய 11 முட்டைகளை அதற்கு அடியில் வைத்தேன். அவர் சொன்னபடியே ஒரு கரித்துண்டையும் காய்ந்த மிளகாயையும் பக்கத்தில் போட்டேன். இடி விழுந்தால் முட்டைக்கு ஆகாதாம். நம்பிக்கை இல்லை, ஆனாலும் போட்டேன்.

22ஆம் நாள் காலை அது எட்டுக் குஞ்சுகளோடு வாளியை விட்டு இறங்கி, தொட்டிச் செடியடியில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. வாளியில் மூன்று முட்டைகள் கிடந்தன. இரண்டு கனமாக, சில்லென்று இருந்தன. மூன்றாவது இன்னும் சூடாக இருந்தது. அகன்ற பக்கம் ஒரு விரிசல், அதற்குள் வெள்ளைச் சவ்வு, காது வைத்தால் கீச்சொலி. கோழி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதன் கணக்கில் அது முடிந்துபோனது. மகன் குளியலறைக்குப் போய் கீசரைப் போட்டான். இரத்தத்தைப் பார்க்கும் நேரம் இன்னும் வரவில்லை என்று சொல்லி அணைக்கச் சொன்னேன். பெட்டியைச் சூடேற்றி, தட்டில் நீர் ஊற்றி, முட்டையில் பென்சிலால் 7.05 என்று எழுதி உள்ளே வைத்து மூடினோம். சவ்வு வெள்ளையாகத்தான் இருந்தது.